வாய்மூடி மருந்து

அவள் கதவைத் திறக்கும்போது பின்னால் நிற்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தாழ்ப்பாளை இழுப்பாள். ஒரு சாண் திறப்பாள். அப்படியே நிற்பாள். பிறகு இன்னொரு சாண். கையில் டிரேயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் பெண்களுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். "இன்னாக்கா, சாமி நடையா தெறக்கிற?" என்று கிண்டல் செய்வார்கள். மூன்றாவது சாண் திறந்த பிறகு, "இப்ப போங்க" என்பாள்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், திருக்கழுக்குன்றம் தாண்டி எங்கள் கம்பெனி இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பாட்டிலுக்குள் செடி வளர்த்து விற்பது பெரிய தொழிலாக வரப்போகிறது என்று யாரோ முதலாளியின் காதில் ஓதிவிட்டார்கள். வாழை, பூச்செடி, அப்புறம் உருளைக்கிழங்கு. நோயில்லாத ஒரு கிழங்குச் செடியைக் கணுக்கணுவாக வெட்டி, சர்க்கரையும் உப்பும் கலந்த கூழில் நட்டு, குளிர்சாதன அறையில் விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் மூன்று வாரத்தில் விரல் நீளம் வளர்ந்துவிடும். அதைத் திரும்ப வெட்டலாம். ஒன்று ஆயிரமாகும். பிறகு லாரியில் ஏற்றி ஊட்டிப் பக்கம் அனுப்புவோம். அங்கே வலை போட்ட கொட்டகையில் நட்டு விதைக்கிழங்கு எடுப்பார்கள். ஊட்டியில் விளைவதை எதற்குச் செங்கல்பட்டு வெயிலில் பிறக்க வைக்க வேண்டும் என்று கேட்கலாம். முதலாளிக்கு நிலம் இங்கேதான் இருந்தது.

நான் அங்கே ஆபீஸ் மேடம். டைப்பிங், டெலிபோன், வருகைப் பதிவேடு மூன்றும் என் பொறுப்பு. போனில் யாருக்கு என்ன தகவல் வந்தாலும் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைப்பேன். காலையில் கையெழுத்துப் போட வருகிறவர்கள் அந்த நோட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது வழக்கம். இங்கிலீஷ், தமிழ் இரண்டு டைப்ரைட்டிங்கிலும் ஹையர் பாஸ் செய்தவள் நான். அதை நாளைக்கு ஒரு தரமாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவள் உருளைக்கிழங்குப் பிரிவுக்குப் பொறுப்பு. பி.எஸ்ஸி தாவரவியல். படாளத்திலிருந்து வருவாள். விடியற்காலையில் ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு பஸ், செங்கல்பட்டில் இறங்கி இன்னொரு பஸ். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அவள் படாளம் காலனிக்காரி என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. காலனி என்றால் எந்தக் காலனி என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். படிப்பிலும் பதவியிலும் அவள் எனக்கு மேலே. ஆனாலும் அவள்தான் என்னை மேடம் என்று கூப்பிட்டாள், நானும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாட்டில் செடிக்கு ஆயுசு கண்டம் எப்போது என்றால், அது வெளியே வருகிற அந்த ஒரு வாரம்தான். உள்ளே தளதளவென்று இருக்கும். வெளியே எடுத்து நட்டால் மறுநாளே தலை தொங்கிவிடும். அதனால் கடைசி வாரம் மூடியை ஒரேயடியாகத் திறக்காமல் ஒரு நாளைக்கு அரைச் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும் என்று அவள் ஒரு முறை வைத்திருந்தாள். ஏழாம் நாள் மூடி தானாகக் கையோடு வந்துவிடும். ஒவ்வொரு அலமாரியிலும் ஒரு சீட்டு தொங்கும், அரைச் சுற்றுக்கு ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமையும் வந்து சுற்றிவிட்டுப் போவாள். பொங்கலன்றும் வந்தாள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

"லீவு நாள்ல கூடவா?" என்று கேட்டேன்.

"லீவுன்னு அதுக்குத் தெரியாது மேடம்" என்றாள்.

இந்த அரைச் சுற்று அவள் பேச்சிலும் இருந்தது. ஒரு விஷயத்தை ஒரு நாளில் சொல்லி முடிக்க மாட்டாள். ஒரு திங்கட்கிழமை சாப்பிடும்போது, "நேத்து வூட்டுக்கு ஒருத்தர் வந்தாரு" என்றாள். நான் யார், எவர் என்று துளைத்தேன். ஊறுகாயை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். புதன்கிழமை, "மதுராந்தகம் டிப்போல வேலையாம். நல்லாத்தான் பேசினாரு" என்றாள். எனக்கு அதற்குள் தலை வெடித்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமைதான் மிச்சம் வந்தது.

"ஆறு மாசம் லெட்டர் போட்டுக்கலாம், அப்புறம் சொல்றேன்னு சொன்னேன். அவுங்க அம்மா செருப்ப மாட்டிகினு எழுந்துட்டாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"அவரும்தான் எழுந்துட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அன்று மாலை அவள் பஸ்ஸுக்கு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமல்லபுரத்திலிருந்து வருகிற பஸ் கூட்டமாக வந்தது. ஏறாமல் அடுத்ததற்கு நின்றாள். வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றும் அவசரம் இல்லாதவள் போல நின்றாள்.

மதியம் என் மேஜையில்தான் சாப்பிடுவோம். ஆபீஸில் மின்விசிறி உண்டு, அதனால் வருவாள் என்று முதலில் நினைத்தேன். டிபன் பாக்ஸை வைப்பாள். மூடியை எடுக்க மாட்டாள், சற்றே நகர்த்தி வைப்பாள். பாக்ஸை மேஜையின் நடுப்பக்கமாக, என் பக்கமாக, நான்கு விரல்கடை தள்ளுவாள். உருளைக்கிழங்கு வறுவல் வாசனை வரும். எடுத்துக்கோங்க என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டாள்.

"எனக்கு வயிறு சரியில்லை" என்பேன்.

தலையாட்டிவிட்டுப் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். மறுநாள் திரும்ப நான்கு விரல்கடை. அவள் அங்கே இருந்த மூன்று வருஷமும் எனக்கு வயிறு சரியில்லாமலே இருந்தது. வாழைப்பழம் கொண்டுவந்த நாளில் மட்டும் எனக்கு வயிறு சரியாகிவிடும், தோல் இருக்கிறதே. இதையெல்லாம் இன்று எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை, அதுதான் உண்மை.

ஒரு டிசம்பரில் எல்லோரையும் வேன் வைத்து வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனார்கள். அவள் வரவில்லை, அன்றைக்கு ஐந்தாவது அரைச் சுற்று. நாங்கள் பறவைகளைப் பார்த்து, புளிசாதம் தின்று, போட்டோ எடுத்து, பொழுது சாய்கிற நேரத்தில் வேனில் ஏறினோம். அப்போது எதிரே அவள் தனியாக நடந்து வருகிறாள். வேலையை முடித்துவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். வேனில் இடம் இருக்கிறது, ஏறிக்கொள் என்றார்கள். "நீங்க போங்க. பறவைங்க இப்பதான திரும்பி வரும்" என்றாள். வேன் திரும்பும்போது பார்த்தேன், ஏரிக்கரையில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. இறங்கி அவளோடு நின்றிருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. இறங்கவில்லை.

கம்பெனியில் செடிக்கு ஊற்றும் மருந்துகள் சின்னச் சின்ன பழுப்பு பாட்டில்களில் ஃப்ரிட்ஜில் இருக்கும். ஹார்மோன் என்பார்கள். செடி தனக்குத் தானே போட்டுக்கொள்கிற உத்தரவுகள் அவை, நாம் கொஞ்சம் வெளியிலிருந்து கொடுக்கிறோம் என்று அவள் சொன்னாள். சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கு இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாது என்று அவளே தமிழ்ப் பெயர் வைத்து, பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருந்தாள். வேர் விட வைப்பது வேர் மருந்து. பக்கத்துக்குப் பக்கம் தளிர் தள்ளிக் குஞ்சம் போல வளர வைப்பது குஞ்ச மருந்து. அதற்கு இங்கிலீஷில் பிஏபி. மூன்றாவது ஒன்று, ஏபிஏ. அதற்கு அவள் வைத்த பெயர் வாய்மூடி.

"இதென்ன பெயர்?" என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிக் காட்டினாள். "எலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாம குட்டிக் குட்டியா வாய் கீது மேடம். வெளியில வளர்ற செடி வெயில் வந்தா மூடிக்கும். பாட்டில்ல பொறந்ததுக்கு மூடத் தெரியாது. உள்ள எப்பவும் ஈரந்தான, மூடற வேலையே வரல. வெளிய வந்து காத்துல வாயத் தெறந்துகினே நிக்கும். இருக்கிற தண்ணியெல்லாம் போய்டும். இந்த மருந்த அடிச்சா, மூடுன்னு சொல்லும். நாலஞ்சு நாளைக்குத் தாங்கும். அதுக்குள்ள அதுவே கத்துக்கும்."

அவள் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சம் அதுதான்.

அன்று பிற்பகல் பாட்டிலிலிருந்து எடுத்த செடிகளை இரண்டு டிரேக்களில் அடுக்கி, லாரி ஏற்றுகிற எங்கள் கொட்டகை வாசலில் வைத்தாள். ஒன்றுக்கு வாய்மூடி அடித்திருந்தது, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். மூன்று மணிக்கு மாமல்லபுரம் பக்கத்திலிருந்து உப்புக் காற்று கிளம்பும். நாலு மணிக்குள் தண்ணீர் டிரே ஈரத்துணி போலத் துவண்டுவிட்டது. பக்கத்து டிரே நிமிர்ந்து நின்றது. அவள் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே மாதிரி இரண்டு டிரே வைத்தாள். மூன்று மாதம் வைத்திருப்பாள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஊட்டிக்கு அனுப்பிய செடிகள் போன இரண்டு தடவையும் முக்கால்வாசி செத்துப் போயிருந்தன. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு லோடுதான் என்று சொல்லிவிட்டார். பாதிக்கு மேல் பிழைத்தால் உருளைக்கிழங்கு தொடரும். இல்லையென்றால் அந்த அறையும் பூச்செடிக்குப் போகும். உருளை இல்லை என்றால் அவளுக்கும் அங்கே வேலை இல்லை. அதைக் கடிதமாகவும் கொடுத்தார், நான்தான் டைப் அடித்தேன்.

அந்த லோடு தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று ஒரு பரபரப்பு. பிளாஸ்திரியெல்லாம் அசிங்கமாக இருக்கிறது, இங்கிலீஷில் லேபிள் ஒட்டுங்கள் என்றார் மேனேஜர். எனக்குக் கொண்டாட்டம். அழகாக டைப் அடித்து, கத்தரித்து, நானே போய் ஒட்டினேன். ABA. BAP. கிழித்துப் போட்ட பிளாஸ்திரியை அவள் குப்பைக் கூடையில் பார்த்தாள்.

லாரி வருகிற அன்று அவள் வரவில்லை. அவளுடைய அம்மா முதல் நாள் சாயங்காலம் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். பதினோரு மணி வாக்கில் போன் வந்தது.

"மேடம், நான்தான். லாரி நாலு மணிக்கு வந்துடும். ரெண்டு மணிக்கே மருந்து அடிச்சுடச் சொல்லுங்க."

"எந்த மருந்து?"

அந்தப் பக்கம் எஸ்.டி.டி பூத்தில் கூட்டம் போல. "யம்மா, சீக்கிரம் வை, எம்மா நேரம் நிக்கறது" என்று ஒரு ஆள் கத்துவது கேட்டது. அவள் குரலை இறக்கி, "ஏபிஏ மேடம்" என்றாள். "ஏ... பி... ஏ." லைன் போய்விட்டது.

அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று வாய்மூடி மருந்து அடியுங்கள் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும். அவள் மட்டும் வாய்மூடி என்று சொல்லியிருந்தால் நானும் வாய்மூடி என்றே சொல்லியிருப்பேன்.

நோட்டில் எழுதினேன். எழுதி வைத்துவிட்டு வெயிலில் கொட்டகைக்கு நடந்தேன். அங்கே ஒரு பெண் டிரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும், கெட்டிக்காரி. என்னைப் பார்த்ததும் அவளே கேட்டாள்.

"அக்கா போன் பண்ணுச்சா மேடம்? வாய்மூடிதான அடிக்கணும்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு அழகாக லேபிள் ஒட்டியும் இன்னும் வாய்மூடியா?

"இன்னும் என்ன வாய்மூடி, கீய்மூடி? இங்கிலீஷ்ல சொல்லிப் பழகுங்க. பிஏபி" என்றேன்.

"மொதல்ல வர்றது பி-யா மேடம்?"

"பி தான்."

அவள் தயங்கினாள். "அது குஞ்ச மருந்து மாரி கீதே. அக்கா நேத்து வாய்மூடின்னுதான் சொல்லிட்டுப் போச்சு."

"உங்க அக்காவே இப்பதான் போன்ல சொன்னாங்க. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டு மணிக்கு மருந்து அடித்தார்கள். நாலு மணிக்கு லாரி கிளம்பியது.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். கையெழுத்துப் போட்டாள், நோட்டைப் பார்த்தாள், உள்ளே போனாள். அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு, "படுத்துகினு கீறாங்க" என்றாள்.

எட்டாம் நாள் ஊட்டியிலிருந்து தகவல் வந்தது. லாரியைத் திறக்கும்போதே செடிகள் தலை தொங்கிக் கிடந்தனவாம். நட்டுப் பார்த்தும் டிரேக்கு நாலைந்துதான் நின்றனவாம். மேனேஜர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மருந்து அடித்த பெண் அழுதுகொண்டே, "ஆபீஸ் மேடம் பிஏபின்னு சொன்னாங்க சார்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஒன்றரை வருஷம். மகள் மூன்றாம் வகுப்பு. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த நிமிஷம் எனக்கு உண்மையாகவே பிஏபி என்று கேட்ட மாதிரிதான் இருந்தது.

"போன்ல அப்படித்தான் சொன்னாங்க சார்" என்றேன்.

மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். கதவை ஒரு சாண் திறந்துவிட்டு நிற்பாளே, அதே மாதிரி நின்றாள்.

"பூத்துல ஒரே சத்தம் சார்" என்றாள். "நான் மாத்திச் சொல்லியிருப்பேன்."

முடிந்தது. ஏழு வேலை நாளில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றார் மேனேஜர். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்து, நீல மை, அச்சடித்த மாதிரி. "2 மணி. கொட்டகை. ABA."

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். கிழித்தது தெரியுமே என்று நோட்டையே மாற்றிவிட்டேன்.

அன்று மதியம் அவள் சாப்பிட வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பாக்ஸை வைத்தாள், மூடியை நகர்த்தினாள், நான்கு விரல்கடை தள்ளினாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா இன்னைக்கு ஒக்காந்தாங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டாம் நாள், "பாப்பாக்கு எப்ப மேடம் பரீட்சை?" என்று கேட்டாள். சொன்னேன்.

மூன்றாம் நாள் பாதிச் சாப்பாட்டில் நிறுத்தி, "அன்னிக்கு போன்ல கொரகொரன்னு கேட்டுச்சா மேடம்?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஆமாம், சரியாவே கேட்கலை" என்றேன். தலையாட்டினாள்.

நாலாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் என் மேஜையைப் பார்த்து, "நோட்டு புதுசா மேடம்?" என்றாள். "பழசு தீர்ந்துபோச்சு" என்றேன். அவள் தண்ணீர் குடித்தாள். நானும் குடித்தேன்.

ஆறாம் நாள் மின்சாரம் இல்லை. மின்விசிறி ஓடாத அந்தப் புழுக்கத்திலும் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் மூன்று வருஷமாக மின்விசிறிக்காக வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வாசலில் யாரோ செருப்பு விடும் சத்தம் கேட்டது, விழுங்கிவிட்டேன்.

ஏழாம் நாள் வழக்கம்போல மூடியை நகர்த்தி வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம். எனக்கு வயிறு சரியில்லை என்று நான் சொல்லக்கூட இல்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை போல. முடித்ததும் பாக்ஸைக் கழுவி, மூடியை அழுத்தி, சுற்றிலும் கட்டை விரலால் ஒரு தரம் இறுக்கினாள். "வரேன் மேடம்" என்றாள். போய்விட்டாள். கதவை மட்டும் அன்றும் மெதுவாகத்தான் திறந்தாள்.

மறுநாளிலிருந்து என் மேஜையில் நான் தனியாகச் சாப்பிட்டேன். வேறு யாரும் அங்கே வந்து உட்காரவில்லை. அதற்கு முன்பும் யாரும் வந்ததில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். உருளை அறையில் பூச்செடி வந்தது. சில வருஷத்தில் பூச்செடியும் போய்க் கம்பெனியே மூடி, மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மகள் வளர்ந்து சிறுசேரியில் வேலைக்குப் போகிறாள். விடியுமுன் வண்டி வந்து கூட்டிக்கொண்டு போகும், இருட்டியதும் கொண்டுவந்து விடும். ஞாயிற்றுக்கிழமை தூங்குவாள். நான் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று எண்ணினால் பால்காரரிடம் பேசுவதுதான் அதிகம். நாலாக மடித்த காகிதம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. மை வெளிறிவிட்டது. படிக்க முடியும்.

இரண்டு முறை படாளத்துக்குப் பஸ் ஏறினேன். இரண்டு முறையும் செங்கல்பட்டிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன்.

கண் பரிசோதனைக்காகச் செங்கல்பட்டு போயிருந்த ஒரு நாள், பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சிமென்ட் பெஞ்சில் ஒரு பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"மேடம், இளைச்சுட்டீங்க."

"எங்கே இருக்கீங்க இப்போ?"

"மேலதான், ஊட்டிக்கு அந்தாண்ட. ஒரு பண்ணையில. அம்மா செத்து வருஷம் ஆவுது, திதிக்கு வந்தேன். வூட்ட பூட்டிட்டுக் கெளம்பிட்டேன்."

"அங்கேயும் உருளையா?"

"உருளைதான் மேடம்." சற்று நிறுத்தி, "இப்ப நல்லா நிக்குது. டிரேக்கு ரெண்டோ மூணோதான் போவுது" என்றாள். அந்த வெளிச்சம் அப்படியே முகத்தில் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷமாக ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. "அன்னைக்கு நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் மாத்திச் சொன்னேன். நோட்டுல கூட சரியா எழுதியிருந்தேன்" என்று கொட்டிவிட்டேன்.

"தெரியும் மேடம்" என்றாள். "மறுநாளு கையெழுத்து போடறப்பவே பாத்தேன். ஏபிஏன்னு போட்டிருந்தீங்க. நிம்மதியா இருந்துச்சு."

"அப்ப மேனேஜர்கிட்ட ஏன் சொல்லலை? நோட்டை எடுத்துக் காட்டியிருக்கலாமே?"

எதிரே ஒரு பஸ் ரிவர்ஸில் வந்தது, கண்டக்டர் விசில் ஊதினார். அது போகும் வரைக்கும் காத்திருந்தாள்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். "அதுக்குத்தான ஏழு நாளும் வந்து ஒக்காந்தேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு சரியாகப் போயிருக்கும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையின் மேல் தன் கையை வைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் போர்டு போட்ட பஸ் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். படியில் ஒரு நிமிஷம் நின்றுதான் ஏறினாள், பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. நான் கீழே நின்றேன். கண்ணாடியைத் தள்ளினாள். அரைவாசிதான் திறந்தது, இல்லை அவள் அவ்வளவுதான் திறந்தாள். பைக்குள் கைவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"வயிறு இப்ப பரவால்லியா மேடம்?"

அவள் குத்திப் பேசுகிறவள் இல்லை. மூன்று வருஷமும் அவள் அதை நம்பியிருந்தாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவள் மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது, மூடி லேசாக நகர்ந்திருந்தது.